அமைதியான நேரத்தில் சொல்லப்படும்

குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டு, கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, கோகிலவாணி அமைதியாக இருப்பதற்குக் கடுமையாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

இடது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் கடுகளவு விளக்கு ஒன்று மஞ்சளாக எரிந்தது. அது பச்சையாக வேண்டும். பச்சையாகி, அப்படியே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அப்போதுதான் காதில் செருகியிருந்த கருவியிலிருந்து ஒரு குரல் பேசும். கர்ப்பப்பை வாயில் கோளாறு இருக்கிறதா, இருந்தால் என்ன கோளாறு என்று சொல்லும்.

கண்ணை மூடினாள். மூச்சை இழுத்து விட்டாள். யாரோ யோகா வகுப்பில் சொன்னபடி மனதில் ஒரு குளத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். குளத்தில் ஒரு தாமரையும் வைத்தாள். தாமரையின் மேல் 'புற்று' என்ற சொல் தவளைபோலத் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டது. விளக்கு சிவப்பாகிவிட்டது.

"கோகி, இன்னும் எத்தனை நேரம்?" என்று கதவைத் தட்டினார் பூபதி. "பைப்புல தண்ணி வர்ற சத்தமே கேக்கலியே?"

"வயிறு சரியில்லீங்க."

"ஒரு வாரமாவா? ஓமத்தண்ணி வெச்சுத் தரட்டா?" கணவனின் குரல் அதற்குள் தழுதழுக்க ஆரம்பித்திருந்தது. தொலைக்காட்சித் தொடரில் மாமியார் திருந்தினாலே துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொள்கிற மனிதர் அவர். கோகிலவாணி குளத்தை வடித்துவிட்டு, தாமரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தாள்.

இந்த உலகத்தில் சிலருக்கு அமைதி பிறவியிலேயே வாய்க்கிறது. கோகிலவாணிக்கு வாய்த்தது மின்சாரப் புகார் மையத்தில் வேலை. ஈரோட்டில் மின்கம்பங்களுக்கெல்லாம் மூளை வைத்துச் சில வருஷம் ஆகிறது. எங்கே பழுது, எப்போது சரியாகும் என்று கம்பமே சொல்லிவிடும். ஆனாலும் கம்பத்தைத் திட்ட ஜனங்களுக்கு மனசு வரவில்லை. திட்டு வாங்க ஒரு மனுஷி வேண்டும் என்று அவளை உட்கார வைத்திருந்தார்கள். நாள் முழுக்க "அரை மணி நேரத்துல வந்துருமுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வராது என்று அவளுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அங்கே விளக்கு பச்சையாவதைவிட அந்த வீடுகளில் விளக்கு எரிவது சுலபம்.

சேதி சொல்லும் அந்த ஏற்பாட்டுக்கு 'இதம்' என்று பெயர். எந்த ஆய்வகத்தில் எடுத்த பரிசோதனையாக இருந்தாலும், முடிவு இதம் வழியாகத்தான் வரவேண்டும் என்று சட்டம். எல்லாம் சரியாக இருந்தால் உடனே செல்போனில் சொல்லிவிடும். அதற்கு நாடி பார்ப்பதில்லை. 'பேச வேண்டிய முடிவு' என்றால் மட்டும் ஆள் தனியாக இருக்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா, நாடி நிதானமாக இருக்கிறதா என்று பார்த்து, பக்குவமாகச் சொல்லும். அதுவரை வாயைத் திறக்காது.

நல்ல எண்ணத்தில்தான் செய்திருந்தார்கள். ஆனால் செய்தவர்கள் யாரும் கோகிலவாணி இருக்கும் பொன்னி குடியிருப்பில் குடியிருந்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சசிரேகா ஒரு வேன் பிடித்து, தன்னையும் சேர்த்து நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஆறு பேரைச் சுகாதார மையத்துக்குத் திரட்டிக்கொண்டு போனாள். புளிசாதம், தயிர்சாதம், பாட்டுப் போட்டி. ஏதோ பண்ணாரி கோயிலுக்குப் போகிற மாதிரி. அங்கே ஆளுக்கொரு பட்டையும் காதுக் கருவியும் பிரஷ்ஷும் கொடுத்து, திரைக்குப் பின்னால் போய்த் தாங்களே மாதிரி எடுத்து வரச் சொன்னார்கள். கோகிலவாணி மூக்கில் தடவினால் போதாதா என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டு, உள்ளே போனதும் பயந்து, பிரஷ்ஷை வாசலோடு காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுவாரம் முதல் வீட்டுக்கு நல்ல சேதி வந்தது. அந்தம்மா சும்மா இருந்திருக்கலாம். மைசூர்பாகு வாங்கி மற்ற ஐந்து வீட்டுக்கும் கொடுத்தாள். பையனுக்கு வேலை, பெண்ணுக்கு நிச்சயம், புது வண்டி என்று இனிப்பு கொடுக்கிற வரிசையில் கர்ப்பப்பை வாயும் சேர்ந்துகொண்டது. அடுத்த வீட்டில் ஜாங்கிரி. அந்த இரண்டாவது டப்பாவோடு எல்லாப் பெண்களுக்கும் விஷயம் புரிந்துபோயிற்று. இனிப்பு கொடுத்தவள் தப்பித்தாள். கொடுக்காதவளுக்குச் சேதி வராததே சேதி.

அன்று சாயந்திரம் லிஃப்டுக்குள், சசிரேகாவும் இன்னும் இரண்டு பேரும் நிற்கையில், பூபதி கேட்டார்: "கோகி, உனக்கு வந்துருச்சா?"

நான்கு ஜோடிக் கண்கள் அவளைப் பார்த்தன. பூபதியின் கண்களில் அப்போதே தண்ணீர் தயாராக நின்றது.

"ம்" என்றாள் கோகிலவாணி.

ஒரு எழுத்து. அதைத் திருப்பி எடுக்க நினைப்பதற்குள் அவர் கீழே இறங்கி ஓடி, இரண்டு கிலோ லட்டு வாங்கி வந்து, குடியிருப்பு மொத்தத்துக்கும் விநியோகம் செய்துவிட்டார். காவலாளிக்கு இரண்டு.

அதன்பிறகு இரண்டே நாளில் மற்ற மூன்று வீட்டு இனிப்பும் வந்துவிட்டது. ஆறு பேரும் சுகம். கோகிலவாணி ஒவ்வொரு டப்பாவையும் வாங்கி, சிரித்து, பாதியைத் தின்று, மீதியைத் தூக்கிப் போட்டாள். ஊரில் தனக்கு மட்டும்தான் வரவில்லை.

அதற்குப் பிறகுதான், பட்டையை மறைத்துக் கட்டிக்கொண்டு, இந்த அமைதி வேட்டை. பஜனை மடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சுற்றிலும் குரல் கேட்டதால் தனிமை இல்லை என்று பட்டை பச்சைக்கே வரவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்தாள். பூபதி தேடிக்கொண்டு வந்துவிட்டார். தூங்கும்போது நாடி அடங்கும்தான். ஆனால் தூங்குகிறவளை எழுப்பிச் சொன்னால் பதறிப்போவாளாம், அதனால் சொல்லாதாம். விதிகளை எழுதியவர் எவரோ, அவருக்கு யாரும் எதையும் மறைத்ததே இல்லை போலிருக்கிறது. சேதி தெரியாததால் படபடப்பு, படபடப்பதால் சேதி தெரியாது. புகார் மையத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வண்டை வண்டையாகத் திட்டு விழுந்திருக்கும்.

ஏழாவது வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பட்டை நாடியைத்தான் பார்க்கிறது, அது யாருடைய நாடி என்று பார்ப்பதில்லை. பட்டையை ஓர் அமைதியான ஆளின் கையில் கட்டி, காதுக் கருவியைத் தன் காதில் வைத்துக்கொண்டால்?

அமைதியான ஆளுக்கு அலைய வேண்டியதில்லை. நேர் கீழ் வீட்டிலேயே இருந்தாள், அமுதவல்லி அக்கா. தனி ஆள், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். கற்றுக்கொள்ள வந்தவன் ஒருவன் காரைக் காலிங்கராயன் வாய்க்காலுக்குள் இறக்கியபோது, முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி, "இப்ப அந்த இண்டிகேட்டரை ஆஃப் பண்ணு சாமி" என்று மட்டும் சொன்னவள். அவளும் அந்த வேனில் வந்த ஆறு பேரில் ஒருத்தி. லட்டுக்கு மறுநாளே பால்கோவா கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பூபதி சந்தைக்குப் போனதும் கோகிலவாணி கீழே இறங்கினாள்.

"வா புள்ள" என்றாள் அமுதவல்லி. "மூஞ்சி ஏன் இப்படி வத்திக் கெடக்குது?"

கோகிலவாணி சோபாவில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை மூன்று விதமாகத் தயார் செய்து வந்திருந்தாள். மூன்றும் மறந்துவிட்டன.

"அக்கா, எனக்கு ரிசல்ட் வரலீங்க்கா."

"எந்த ரிசல்ட்டு?"

"அதேதானுங்க்கா. லட்டு குடுத்தனே, அது பொய். அவரு எல்லார் முன்னாலயும் கேட்டாரு, நான் 'ம்'னுட்டேன். இன்னும் அந்த எழவு வாயைத் தொறக்கல. எனக்கு நாடி நிக்க மாட்டேங்குது. நீங்க இதைக் கொஞ்சம் கையில கட்டிக்கிட்டு அஞ்சு நிமிசம் சும்மா உக்காந்தீங்கன்னா போதும். பேசாம. உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருப்பீங்க."

அமுதவல்லி அவளைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

கோகிலவாணி பட்டையைக் கட்டிவிட்டு, எதிர் மூலையில் போய்த் தரையில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அமுதவல்லி முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, எப்போதும் காரில் உட்காரும் அதே தோரணையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். சிவப்பு அசையவில்லை. கோகிலவாணியின் கையில் இருந்தபோதாவது அவ்வப்போது மஞ்சளுக்கு வரும்.

"என்னக்கா இது, என்னோடதை விட ஓடுது! மிசின் ரிப்பேராயிருச்சா?"

"மிசின் நல்லாத்தான் இருக்குது" என்றாள் அமுதவல்லி.

குனிந்து சுடிதாரின் கால்பகுதியை மெல்ல மேலே இழுத்தாள். கணுக்காலில் இன்னொரு பட்டை. அதிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

கோகிலவாணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, தரையிலேயே நகர்ந்து வந்து அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க பால்கோவா குடுத்தீங்களே?"

"நீ லட்டுக் குடுக்கலியா?"

"அக்கா..."

"அன்னிக்கு ராத்திரி கிளாஸ் முடிச்சு, வீட்டுக்குக்கூடப் போகாம நான் மேல வந்தேன், நெனப்பிருக்குதா? உங்கிட்ட மட்டும் சொல்லலாம்னு வந்தேன். உனக்கும் வந்திருக்காது, ரெண்டு பேரும் சேந்து ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு. பெல் அடிச்சேன். நீ கதவைத் தொறந்து லட்டு டப்பாவ நீட்டின. ஒம்மூஞ்சியில அத்தனை சிரிப்பு." அமுதவல்லி பட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "சரி, எனக்கு மட்டுந்தான் வரலீன்னு திரும்பிட்டேன். மறுநாள் கடைக்குப் போயி பால்கோவா வாங்கினேன்."

கோகிலவாணிக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. கதவைத் திறந்ததும், அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்ததும், பயத்தில் தான் முந்திக்கொண்டு "எனக்கு வந்துருச்சுங்க்கா!" என்று கத்தியதும்.

"ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?" என்று கேட்டாள், சன்னமாக.

"தீட்டு நின்னு ஒரு வருசமாச்சு. போன மாசத்துலருந்து கறை படுது." நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். கணுக்கால் விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ஊரே அவள் முகத்தைப் பார்த்துத்தான் கல் என்று சொல்லியிருக்கிறது.

மறுநாள் இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு சுகாதார மையத்துக்குப் போனார்கள். அங்கே ஆக்னஸ் என்ற செவிலியர் இருந்தார். தெற்கே மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இருவரின் எண்களையும் கணினியில் தட்டிவிட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். இரண்டு பெயருக்கும் நேராக ஒரே வரி: 'அமைதியான நேரத்தில் சொல்லப்படும்.'

"இதுக்கு மேல எனக்கும் காட்டாது. டாக்டருக்கும் காட்டாது."

"நாங்க அமைதியாவே ஆகலீன்னா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"காத்திருக்கும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"அதுக்குப் பொறுமை ஜாஸ்தி. அதுக்குள்ள ஒண்ணும் வளரலியே."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க இதைத் திட்டாதீங்க. முன்ன எப்படி இருந்துதுன்னு நான் பாத்திருக்கேன். போன்ல மெசேஜா போகும். பாதிப் பேர் குடுத்த நம்பர் புருஷனோடது, இல்லன்னா மகனோடது. அவன் படிச்சிட்டு அம்மாகிட்ட சொல்ல மாட்டான். ஒரு பொண்ணு பஸ் படிக்கட்டுல நின்னுட்டே படிச்சா. கைய விட்டுட்டா. அவளை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு இங்கதான் வந்தாங்க. அவளுக்கு வந்திருந்தது சாதாரண புண்ணு. அதுக்கப்புறந்தான் இந்தச் சட்டம். நானே கையெழுத்து வாங்க அலைஞ்சவதான். இதம் வந்தபிறகு ஒரு புகார்கூட இல்ல தெரியுமா? போன வருஷம் அதுக்கு விருதெல்லாம் குடுத்தாங்க."

"சிஸ்டர், நான் புகார் மையத்துலதான் வேலை பாக்கறேன்" என்றாள் கோகிலவாணி. "ஒரு தெருவுல இருந்து புகாரே வரலீன்னா அங்க கரண்டு இருக்குதுன்னு அர்த்தமில்லீங்க. எல்லார் போன்லயும் சார்ஜு தீந்திருக்கும்."

ஆக்னஸ் திரையைத் தன் பக்கம் திருப்பி எதையோ தேடினார். அவர் தேடியது அங்கே இல்லை.

"எத்தனை பேரு காத்துட்டு இருக்காங்கன்னு பாக்கறேன். அதுவும் காட்டல" என்றார். "வாற பொண்ணுங்க குறைஞ்சுட்டாங்களேன்னு நானும் நெனச்சேன். நல்லா இருக்காங்க போலன்னு விட்டுட்டேன்."

அமுதவல்லி நிதானமாகக் கேட்டாள்: "வேற வழியே இல்லீங்களா?"

ஆக்னஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"லேப் முடிவை நான் சொல்லத்தான் தடை. கண்ணால பாத்ததைச் சொல்லத் தடை இல்ல. இன்னும் அதுக்குச் சட்டம் எழுதல. முன்ன நாங்க அப்படித்தான் பாப்போம். வினிகர் மாதிரி ஒரு மருந்து, தொட்டு வெச்சா வேண்டாத இடம் வெள்ளையாகும். ஒரு நிமிஷம். அந்த மேசை, விளக்கு எல்லாம் பின்னால தூசியடிச்சுக் கெடக்கு. பாக்கலாமா?"

"எங்களுக்குப் படபடப்பு அடங்காதே" என்றாள் கோகிலவாணி.

"அடங்க வேண்டாம். நான் கைய புடிச்சுக்கறேன்."

யார் முதலில் என்பதில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. இரண்டு பேரும் "நீங்க போங்க", "நீ போ" என்று, சாப்பாட்டுப் பந்தியில் இடம் கொடுப்பதுபோல் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அமுதவல்லி தன் காரோட்டும் குரலை எடுத்தாள். "முன்னால போ. நான் பின்னாடி வர்றேன்."

மேசை சில்லென்றிருந்தது. கோகிலவாணி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். கூரையில் பல்லி ஒன்று அசையாமல் இருந்தது. அதன் நாடி எவ்வளவு இருக்கும் என்று யோசித்தாள். பட்டையின் சிவப்பு சுவர் வெள்ளையில் பட்டுத் துடித்தது.

"நேரா சொல்லட்டா, சுத்தி வளைச்சுச் சொல்லட்டா?" என்று கேட்டார் ஆக்னஸ்.

"நேரா."

"மருந்து தொடறேன். சில்லுனு இருக்கும். கொஞ்சம் எரியும்."

எரிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் கோகிலவாணி தன் வாழ்நாளில் "அரை மணி நேரத்துல வந்துரும்" என்று சொல்லி ஏமாற்றிய அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். இதயம் காதுக்குள் இடித்தது. ஆக்னஸின் முகம் அவள் முழங்கால்களுக்கு அப்பால் விளக்கொளியில் இருந்தது. அது மாறுகிறதா என்று பார்த்தாள். மாறியது. புருவம் லேசாகக் கூடியது. பிறகு அவர் எழுந்து, கையுறையைக் கழற்றி, சொன்னபடி அவள் கையைப் பிடித்தார்.

"இருக்கு. வெள்ளையா ஒரு திட்டு. சின்னது. இது புற்று இல்ல. விட்டா சில வருஷத்துல ஆகலாம். டாக்டரம்மா சூடு வெச்சு இன்னிக்கே எடுத்துருவாங்க. கொஞ்ச நேரம். வீட்டுக்கு நடந்தே போலாம். இப்ப அழணுமா?"

"இல்லீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு கோகிலவாணி அழுதாள். பட்டை சிவப்பில் எரிந்தது. செத்தா போய்விட்டாள்? நாடி தறிகெட்டு ஓடும்போதே சேதியைக் கேட்டாயிற்று. கேட்டும் மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது.

டாக்டரம்மா சூடு வைத்து முடித்தபின் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அமுதவல்லி உள்ளே போயிருந்தாள். தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை. வேப்பமரக் காற்று வந்தது. அடிவயிற்றில் லேசான பிடிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. பூபதியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். சொல்லிவிட வேண்டியதுதான், துண்டை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று முடிவு செய்தாள்.

காதில் ஒரு மணி ஒலித்தது.

"வணக்கம், கோகிலவாணி" என்றது ஒரு குரல். தேனும் பாலும் கலந்த குரல். "நீங்கள் இப்போது அமைதியாக இருக்கிறீர்கள். உங்களுடன் ஒரு செய்தியைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அருகில் தண்ணீர் இருக்கிறதா?"

மணிக்கட்டில் விளக்கு பச்சைப்பசேல் என்று எரிந்தது. அவள் மூச்சுக்கூட விடவில்லை.

"உங்கள் கால்கள் தரையில் படிந்திருப்பதை உணருங்கள். இந்தச் செய்தியை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. கோகிலவாணி, நீங்கள் அளித்த மாதிரி, பரிசோதனைக்குப் போதுமான அளவில் இல்லை. அன்புகூர்ந்து மீண்டும் ஒருமுறை அளியுங்கள்."

ஓர் இடைவெளி விட்டு, "அழ வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக அழலாம்" என்றது.

கோகிலவாணி புரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு புரிந்தது. முடிவே இல்லை. பிரஷ்ஷை வாசலோடு காட்டிவிட்டு வந்தாளே, அதைத்தான் இரண்டு மாதமாக நல்ல நேரம் பார்த்துச் சொல்லக் காத்திருந்திருக்கிறது. உள்ளேயிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. வாயைப் பொத்தியும் அடங்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விளக்கு சிவந்தது.

"நீங்கள் சற்றுக் கலக்கமடைந்திருக்கிறீர்கள்" என்றது குரல். "பிறகு தொட..."

கதவு திறந்தது. அமுதவல்லி வெளியே வந்தாள், பின்னால் ஆக்னஸ். கோகிலவாணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அமுதவல்லி பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரைச் சரி செய்தாள்.

"மருந்து தொடவே இல்ல புள்ள. சும்மா பாக்கையிலயே தெரியுதாம். கோயமுத்தூரு போகோணும். நாளைக்கே."

"நாளைக்குக் காலைல. நான் பேசிட்டேன்" என்றார் ஆக்னஸ். "அவங்க கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துத்தான் எந்த அளவுன்னு சொல்லுவாங்க. வைத்தியம் இருக்கு. நான் நேராத்தான் சொல்றேன்."

"போன மாசமே வந்திருந்தா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

ஆக்னஸ் அவளைப் பார்த்தார். "ஒரு மாசம் ஒரு மாசந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேப்பம்பூ இரண்டு பெஞ்சில் விழுந்தன. கோகிலவாணி அவற்றைத் தட்டிவிட்டு அக்கா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"லட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அமுதவல்லி. "எதுக்குச் சிரிச்சே? உள்ள வரைக்கும் கேட்டுச்சு."

கோகிலவாணி சொன்னாள், ஒன்றையும் விடாமல், தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டது வரைக்கும். அமுதவல்லியின் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. பிறகு தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கைதான் ஐஸ்கட்டியாக இருந்தது. பேருந்து ஏறி வீடு வரும்வரை விடவில்லை.

பேருந்தில்தான் கோகிலவாணி கணக்குப் போட்டாள். மைசூர்பாகு, ஜாங்கிரி. அவை அவளுடைய லட்டுக்கு முன்னால். பிறகு இரண்டே நாளில் மூன்று வீட்டு இனிப்பு. அதில் ஒன்று அக்காவுடையது. மற்ற இரண்டு?

பூபதி எதிர்பார்த்தபடியே அழுதார். துண்டு போதவில்லை. ஆனால் அழுதுகொண்டே வண்டிக்குச் சார்ஜ் போட்டார், அழுதுகொண்டே கோயமுத்தூர் மருத்துவமனைக்கு வழி பார்த்தார், "அமுதக்காவுக்கு விடியறப்பவே இட்லி கட்டிரலாம்" என்றார்.

"என்கிட்ட ஏன் கோகி சொல்லல?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

"நீங்க அழுவீங்கன்னு."

"அழுதா என்ன? அழுதுக்கிட்டே கூட வந்திருப்பேனே."

கோகிலவாணி முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள்.

அந்த மற்ற இரண்டு வீடுகளில் முதலாவதில் ஜெபராணி இருந்தாள். கோகிலவாணி வாசலில் நின்றே சொன்னாள்: "ஜெபா, எனக்கு ரிசல்ட் வரல. அன்னிக்கு லட்டு குடுத்தது பொய்." ஜெபராணி திகைத்துப்போய்ப் பார்த்தாள். தனக்கு நிஜமாகவே வந்துவிட்டதென்று செல்போனை எடுத்துக் காட்டினாள். பிறகு, "இதுலயாக்கா பொய் சொல்லுவாங்க? ரெண்டு லட்டுத் தின்னேனே!" என்று கோபித்துக்கொண்டு, கோபத்தோடே ஒரு டம்ளர் காபி கொடுத்தாள்.

இரண்டாவது வீடு சசிரேகாவுடையது. சங்கக் கூட்டம் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. கூடம் நிறைய ஆட்கள், டீ, முறுக்கு, தண்ணீர்த் தொட்டி பற்றிய சண்டை. சசிரேகா கையில் தட்டோடு வாசலுக்கு வந்தாள். பட்டுப்புடவை, பெரிய பொட்டு, எப்போதும்போல் இடி மாதிரி குரல்.

"வாங்க்கா! உள்ள வாங்க, உங்க வீட்டுத் தண்ணிப் பிரச்சினைதான் பேசிட்டிருக்கோம்."

"நான் நிக்கல சசி. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." கோகிலவாணி குரலைத் தணிக்கவில்லை. தணித்து என்ன ஆகப்போகிறது? "எனக்கு அந்த ரிசல்ட் வரவே இல்ல. நான் லட்டு குடுத்தது பொய். இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி நேர்ல பாத்துட்டு வந்தேன். கோளாறு இருந்துச்சு, எடுத்துட்டாங்க. ஆக்னஸ் சிஸ்டர்னு ஒருத்தங்க பாக்கறாங்க. அமைதியா எல்லாம் இருக்க வேண்டியதில்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கூடத்தில் தண்ணீர்த் தொட்டிச் சண்டை நின்றுவிட்டது. யாரோ முறுக்கு கடிக்கும் சத்தம் பாதியில் நின்றது.

சசிரேகா தலையை உள்ளே திருப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தாள். "ஐயோ பாவம்! எனக்கெல்லாம் அப்பவே வந்துருச்சுங்க்கா, ஒரு பிரச்சினையும் இல்ல."

முறுக்குத் தட்டைப் பக்கத்தில் இருந்த செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு வெளியே வந்து, தனக்குப் பின்னால் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள்.